ரேடியோ இரண்டு தடவை சொன்ன கதை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தானாக என் மேசைக்கு வந்து சேர்ந்தது. ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிப்பது என் வேலை. வந்தவர்கள் பேசுவார்கள், வக்கீலம்மா சுருக்கிச் சொல்லுவார், நான் அடிப்பேன். ஒருவர் மூச்சுவிடாமல் பேசினாலும் சட்டத்துக்கு வேண்டியது அதில் ஒரு வரி தேறும். மிச்சமெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. என் காதுக்கு அந்த விவஸ்தை கிடையாது. அது மிச்சத்தைத்தான் முதலில் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் மத்தியானம் தையல்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் கட்டடங்களில் பூச்சு வேலை பார்க்கும் கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடி. நஷ்டஈட்டுக்கு மனு போட வேண்டும். "விழறதுக்கு முன்னாடி எப்படி இருந்தார்?" என்று வக்கீலம்மா கேட்டார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சொன்னாள், சொன்னாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"'விபத்துக்கு முன் நல்ல உடல்நலத்துடன் இருந்தார்'னு போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். மனுவில் ஏறாததைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

உட்கார்ந்ததென்னவோ உட்கார்ந்துவிட்டேன். முதல் வரிதான் வரவில்லை. வந்து, நான் வேண்டாமென்று விட்ட வரிகள் இவை:

"பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. அவருடைய இடது கால் காற்றில்—"

வேண்டாம். அவர் விழுந்ததை யாருமே பார்க்கவில்லை. சத்தம் கேட்டு மேஸ்திரி திரும்பிப் பார்த்தபோது பலகையில் கலவைச் சட்டி இருந்தது, ஆள் இல்லை. யாரும் பார்க்காததை நான் பார்த்த மாதிரி எழுதினால் அதற்குப் பெயர் பொய்ச்சாட்சி. ஆபீஸ் புத்தி, போகமாட்டேன் என்கிறது.

"உயரத்திலிருந்து விழும் கட்டடத் தொழிலாளர்களில் பலருக்கு, வெளியே காயம் ஆறிய பிறகும் மூளையில் ஏற்பட்ட—"

இது கதையில்லை, மனுவின் இரண்டாம் பத்தி. ஏற்கெனவே அடித்துக் கொடுத்தாயிற்று.

"கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண்—"

அவள் அழவில்லை. எனக்குக் கஷ்டமாக இருந்ததே அதுதான். முந்தைய காலத்தைச் சொன்ன அத்தனை நேரமும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சிலசமயம் சிரிப்பு தாங்காமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆகவே கதையை அங்கேயே, அந்தச் சிரிப்பிலேயே தொடங்குகிறேன்.

3

வேலையிடத்தில் அவருக்குப் பெயர் ரேடியோ. காலையில் பூச்சுக் கரண்டியைக் கையில் எடுத்தால் சாயங்காலம் கழுவி வைக்கும்வரை வாய் ஓயாது. கேட்க ஆள் வேண்டும் என்றுகூட இல்லை, எதிரே சுவர் இருந்தால் போதும். கீழே கலவை போடுகிறவர்கள் "ரேடியோ, கொஞ்சம் சவுண்டைக் குறை" என்பார்கள். "கரண்ட் போனாத்தான் நிக்கும்" என்று மேலிருந்து பதில் வரும்.

வீடு ஒரே அறைதான். மாடிப்படிக்குக் கீழே சரிந்த இடத்தில் அடுப்பு, ஜன்னலோரம் தையல் மிஷின். வேலை முடிந்து வரும்போது அவருக்குத் தலைமுடி, புருவம் எல்லாம் சிமெண்டு படிந்து வெளுத்திருக்கும். வாசலில் கூன் போட்டு நின்று, கையை நெற்றிக்குக் குடை பிடித்து உள்ளே பார்ப்பார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க யாராவது இருக்கீங்களா? மாப்பிள்ளைக்கு வயசாயிட்டே போகுது, சீக்கிரம் பேசி முடிங்க."

"இந்தக் கிழவர் வேண்டாம். அடுத்தவரை வரச் சொல்லுங்க" என்பாள் இவள், மிஷினை நிறுத்தாமல்.

மகள் பேசப் பழகியதும் அவளும் இதில் சேர்ந்துகொண்டாள். "மாப்பிள்ளை வெறுங்கையோட வந்தா உள்ள விடமாட்டோம்!" மாப்பிள்ளை சட்டைப் பையில் ஏதாவது இருக்கும். ஒரு மிட்டாய், ஒரு பென்சில், ஒன்றுமில்லாத நாளில் வழவழவென்று ஒரு கூழாங்கல். அப்புறம் தையல்காரி அவரைப் படியில் உட்கார வைத்து, எண்ணெய் தொட்டு முடியிலிருந்து சிமெண்டை உதிர்த்தெடுப்பாள். அந்த நேரத்திலும் வாய் ஓயாது. இன்றைக்கு இஞ்சினீயர் என்ன சொன்னார், அதற்கு இவர் என்ன சொன்னார், சொல்ல நினைத்தும் சொல்லாமல் விட்டது என்ன, எல்லாம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் பஸ் ஏறிக் கட்டடம் பார்க்கப் போவார்கள். அவர் பூசிய கட்டடங்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

"ஓனரம்மா, எந்த மாடி வேணும், சொல்லு" என்பார் மனைவியிடம்.

"மேல் மாடி. காத்து வரும்."

"மேல வேண்டாம். லிஃப்ட் நின்னுபோச்சுன்னா உன்னைத் தூக்கிட்டு ஏற என்னால ஆகாது."

"அப்ப ஆகும்னு சொல்றவரைப் பார்த்துக்கறேன்."

வாட்ச்மேன் வந்து என்ன வேண்டும் என்று விசாரித்தால் ரேடியோ முகத்தைக் கெத்தாக வைத்துக்கொள்வார். "வீடு பார்க்க வந்தோம். ஓனரம்மாவுக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். தெருமுனை திரும்பியதும் மூவரும் சிரித்து உருளுவார்கள். வரும் வழியில் எந்தச் சுவரையாவது உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். பெயிண்டுக்கு அடியில் தன் கை இருக்கிறது என்று மகளிடம் சொல்வார். மகள் தன் சின்னக் கையை அங்கே வைத்துப் பார்ப்பாள்.

[இந்தப் பகுதி நீண்டுகொண்டு போவது எனக்கும் தெரிகிறது. வக்கீலம்மா படித்தால் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். அடுத்து வர வேண்டியது ரேடியோ வேலைக்குப் போகும் ஒரு காலை. அனுப்ப மனசில்லாமல் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் மழை பெய்தது. ஒன்றில் மகள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டாள், அவர் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், தூங்குகிற பிள்ளையிடமும் பேசிக்கொண்டே—]

சரி. திங்கட்கிழமை வந்துவிட்டது.

4

மேல் மாடிக்கு ஜன்னல் சட்டங்களை ஏற்ற வேண்டியிருந்தது. சாரத்தின் ஓரமாகக் குறுக்கே கட்டியிருந்த தடுப்புக் கட்டை அதற்கு இடைஞ்சலாக இருந்ததால் கழற்றினார்கள். சட்டங்கள் ஏறின. கட்டை திரும்ப ஏறவில்லை. இடுப்பில் மாட்டும் பெல்ட்டுகள் ஆபீஸ் அறையில் பூட்டிக் கிடந்தன. ரேடியோ வழக்கம்போல மேலே பேசிக்கொண்டே பூசிக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது யாருக்கும் ஞாபகமில்லை. பாதியில் நின்றது மட்டும்தான் எல்லோருக்கும் ஞாபகம்.

அவர் பிழைத்தார். மயக்கம் தெளிந்தது, எழுந்தார், நடந்தார், வீட்டுக்கு வந்தார். காதுக்கு மேலே ஒரு தழும்பு, அதுவும் முடி வளர்ந்ததும் மறைந்துபோயிற்று. பார்க்க வந்தவர்களெல்லாம் மறுபிறவி என்றார்கள். டாக்டர் மட்டும் தையல்காரியைத் தனியே அழைத்து, மண்டைக்குள் முன்பக்கம் கன்றிப்போயிருக்கிறது, உள்ளே சில இணைப்புகள் அறுந்திருக்கின்றன, வெளியே தெரியாது, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும் என்றார்.

தெரிந்தது. அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து அறை முழுக்கப் புகை நின்றபோதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மூக்கு எதையும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை அகப்படாவிட்டால் கையில் இருப்பதை வீசினார். பொறுமை என்பது சுத்தமாகப் போய்விட்டது. மிஷின் சத்தம் தலைக்குள் இறங்குகிறது என்று கத்தினார். அவள் ஊசியை உயர்த்திவிட்டு, அவர் தூங்கும்வரை கையாலேயே தைத்தாள். வேலையிலிருந்து வருகிற பாவனையில் வாசலில் ஒரு முறை வந்து நின்றார். அவள் ஆசையோடு நிமிர்ந்தாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அவருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. "எனக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கேன். இவதான் என்னை வேலைக்கு விடமாட்டேங்கறா" என்று வருகிறவர்களிடம் குறைபட்டுக்கொண்டார். தனக்கு ஒன்றுமில்லை என்று நம்புவதும் அந்த அடியின் ஒரு பகுதிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

5

இந்தப் பகுதியை எழுதாமல் விடலாமா என்று பலநாள் தயங்கினேன்.*

மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்க வேண்டும். "நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நல்ல மனநிலையில் இருந்தார். தலை சீவி, சட்டை மாற்றி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். பழைய மாதிரியே இருக்கிறதே என்று தையல்காரி வாசலில் நின்று பார்த்தாள். ஒருவேளை, என்று நினைத்தாள். அந்த ஒருவேளைக்காகத்தான் அனுப்பினாள்.

திரும்பி வந்தபோது கையில் ஷூ டப்பா இருந்தது.

"வாங்கிட்டேன். நல்ல ஷூ. பேரம் பேசி வாங்கினேன்."

"பிள்ளை எங்கங்க?"

"பள்ளிக்கூடத்துல இருப்பா. வேற எங்க இருப்பா?"

அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். கடையில் அளவு பார்க்கும் சின்ன ஸ்டூலில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் சாக்ஸ், மற்றது வெறுங்கால். கடைக்காரர் தண்ணீர் கொடுத்து, பக்கத்திலேயே நின்றிருந்தார். மகள் அழவில்லை. "அப்பா வந்துடுவார்னு இவர்கிட்ட சொல்லிட்டே இருக்கேன்மா" என்றாள்.

வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அப்பா என்னை மறந்துட்டாருன்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லாதம்மா. சொன்னா ரொம்ப அழுவார்."

வீட்டில் அவர் கோபமாக இருந்தார். "ரெண்டு பேரும் எங்க போய்த் தொலைஞ்சீங்க? ஷூ வாங்கி வெச்சிருக்கேன், போட்டுப் பார்க்க ஆள் இல்ல." மகள் போட்டுப் பார்த்தாள். சரியாக இருந்தது. நல்லா இருக்குப்பா என்றாள்.

* எழுதட்டுமா என்று தையல்காரியிடம் கேட்டேன். "எழுதுங்க அக்கா. அவரால இப்ப ரெண்டு வரிக்கு மேல படிக்க முடியாது" என்றாள். கொஞ்சம் கழித்து, "மக படிப்பா, பெரியவளானதும். அவ படிக்கட்டும்" என்றாள்.

6

அலுவலகத்துக்குத் திரும்புவோம். வக்கீலம்மா அவளுக்கு விளக்கிச் சொன்னார். எந்த விஷயத்தையும் குழந்தைக்குச் சோறு பிசைவது போலப் பிசைந்து கொடுப்பார். அதற்காகவே அவரிடம் வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

"மூணு வழி இருக்கும்மா. முதல் வழி, தொழிலாளர் நஷ்டஈடு. வேலை செய்யற இடத்துல, வேலை நேரத்துல அடிபட்டுச்சு, அது போதும். யார் தப்புன்னு நிரூபிக்க வேண்டாம். ஆனா அடி எவ்வளவு பெருசு, அதனால அவரால என்னென்ன செய்ய முடியாம போச்சுன்னு காட்டியாகணும். ரெண்டாவது, பாதுகாப்பு விதியை மீறினதுக்காகக் கம்பெனி மேல தனியா ஒரு புகார். அதுல உங்களுக்குக் கைக்குப் பெருசா ஒண்ணும் வராது. ஆனா அந்தக் கட்டையை ஏன் திரும்பக் கட்டலைன்னு ஒருத்தர் பதில் சொல்லியாகணும். நாளைக்கு அங்க ஏறப்போறவங்களுக்கு அது உதவும். அதுக்கு அந்தக் கட்டை விஷயம் தெரிஞ்ச சாட்சி வேணும்."

"மூணாவது?"

"கம்பெனி ஏதாவது குடுக்கறேன்னு வந்து ஒரு காகிதத்துல கையெழுத்துக் கேக்கும். போட்டுட்டா மத்த ரெண்டையும் மறந்துட வேண்டியதுதான். எதுல கையெழுத்துப் போடறதா இருந்தாலும் என்கிட்ட காட்டாம போடாதீங்க."

முதல் வழியில் சிக்கல் இதுதான். கம்பெனி டாக்டர், ஆள் தேறிவிட்டார், வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்திருந்தார். விசாரணைக்கு ரேடியோவும் வருவார். சட்டை மாற்றி, தலை சீவி, எனக்கு ஒன்றுமில்லை என்று அவரே சொல்வார். அதற்கு எதிராக அவர் மனைவி, அவர் முன்னாலேயே, அவருக்கு என்னென்ன இல்லாமல் போயிற்று என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்.

"ஷூக்கடை விஷயத்தைச் சொன்னா போதும்மா. வேற எதுவும் வேண்டாம்" என்றார் வக்கீலம்மா.

"அதை மட்டும் எழுதாதீங்க."

"ஏம்மா?"

"அவர் இன்னமும் நல்ல அப்பான்னு நினைச்சுட்டு இருக்கார். அது ஒண்ணுதான் அவர்கிட்ட முழுசா இருக்கு."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் அடித்திருந்த அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். "எழுத்துல வேண்டாம். ஆனா அங்க கேட்டா சொல்ற மாதிரி இருக்கும். யோசிச்சுக்கோங்க" என்றார்.

7

இங்கே ஒரு தடங்கல். மேஸ்திரி.

ரேடியோவை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் அவர். ஒன்றாகத் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர். தையல்காரி அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். ஜன்னல் சட்டம் ஏறும்போது தடுப்புக் கட்டையைக் கழற்றச் சொன்னது யார், திரும்பக் கட்ட வேண்டாம் என்றது யார், எல்லாம் அவருக்குத் தெரியும்.

முதலில் அவரை வில்லனாக எழுதினேன். மீசை வைத்தேன். கம்பெனியிடம் கைநீட்டி வாங்குகிற மாதிரி ஒரு காட்சி எழுதினேன். படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை நாளும் படுத்துக் கிடந்தவர் அவர்தான் என்று தையல்காரி சொல்லியிருக்கிறாள். அடுத்து அவரைத் தியாகியாக்கினேன். விசாரணையில் எழுந்து நின்று உண்மையை உரக்கச் சொல்லி... அதுவும் நடக்கவில்லை. விசாரணைக்கு வந்தார். "முன்னாடி அவன் எப்படி வேலை செய்வான்?" என்று கேட்டார்கள். "அவன் பூசின சுவர்ல முகம் பார்க்கலாம்" என்றார். கட்டையைப் பற்றி அந்த விசாரணையில் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மீசையை எடுத்துவிட்டு மனிதராகவே விட்டுவிட்டேன்.

8

விசாரணை அறையைப் பெரிய கோர்ட் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், கட்டுக்கட்டாகக் கோப்புகள், ஜலதோஷம் பிடித்த அதிகாரி. வக்கீலம்மாவுக்குக் கோப்பு தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். ரேடியோ சலவைச் சட்டையில், ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர் போல எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி வக்கீல் சின்ன வயசு, மரியாதையானவர். அவரையும் என்னால் கெட்டவராக எழுத முடியவில்லை.

"உங்க கணவர் நடக்கறார், சாப்பிடறார், பேசறார், இல்லைங்களாம்மா?"

"ஆமாங்க."

"உங்களை, பிள்ளையை எல்லாம் அடையாளம் தெரியுது?"

"தெரியுது."

"அப்ப என்னதாம்மா மாறியிருக்கு?"

வக்கீலம்மா அவளைப் பார்த்தார். சொல்லு என்ற பார்வை. தையல்காரி முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திச் சிரித்தார். அவள் வாயைத் திறந்தாள். "ஒரு நாள் மகளுக்கு ஷூ..."

"சார்!" ரேடியோ எழுந்துவிட்டார். "அவகிட்ட என்ன கேக்கறீங்க? அவளுக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? நான் சொல்றேன், கேளுங்க."

அதிகாரி மூக்கைத் துடைத்தபடி, சொல்லட்டும் என்று கையைக் காட்டினார்.

"இவ ஒரு தையல் கம்பெனில வேலை செஞ்சா சார். நான் அந்தக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் பூசிட்டிருந்தேன். ஃபேன் வைக்க ஒரு ஓட்டை விட்டிருந்தாங்க. அந்த ஓட்டை வழியாப் பார்த்தா நேரா இவ மிஷின். நான் நாள் முழுக்க அந்த ஓட்டையைச் சுத்தியே பூசிட்டிருந்தேன். மத்த சுவரெல்லாம் அம்போன்னு கிடக்கு. ஒரு நாள் சூப்பர்வைசர் இவளை வேற வரிசைக்கு மாத்திட்டான். நான் என்ன செஞ்சேன்? ஓட்டையை அடைச்சு, மேல நல்லா மழமழன்னு பூசிட்டேன். இஞ்சினீயர் வந்தாரு. 'யோவ், இங்க ஃபேனுக்கு ஓட்டை இருந்துச்சே, எங்கய்யா?'ன்னாரு. நான் சொன்னேன், 'அந்தப் பொண்ணு எழுந்து போயிடுச்சு சார். இனிமே இங்க ஓட்டை யாருக்கு?'"

அறையே சிரித்தது. அதிகாரி சிரித்துத் தும்மினார். கோப்புகளோடு நின்ற கடைநிலை ஊழியர் சுவரில் சாய்ந்து சிரித்தார். நான் சிரித்தேன். மேஸ்திரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முன்பு எத்தனை பேர் இப்படி ஒரு சாரத்தின் கீழே நின்று சிரித்திருப்பார்கள் என்று அந்த ஒரு நிமிஷம் எனக்குப் புரிந்தது. ரேடியோ திருப்தியாக உட்கார்ந்தார்.

"பார்த்தீங்களா சார்" என்றார் கம்பெனி வக்கீல், அவரும் சிரித்தபடிதான். "ஞாபகமெல்லாம் நல்லாவே இருக்கு. நீங்க சொல்லுங்கம்மா. ஏதோ ஷூன்னு ஆரம்பிச்சீங்க."

"சார்!" ரேடியோ எழுந்தார். "அவகிட்ட என்ன கேக்கறீங்க? அவளுக்கு என்னைப் பத்தி என்ன தெரியும்? நான் சொல்றேன், கேளுங்க."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. விளையாடுகிறார் என்று நினைத்தார்கள்.

"இவ ஒரு தையல் கம்பெனில வேலை செஞ்சா சார். நான் அந்தக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் பூசிட்டிருந்தேன்..."

அதே சொற்கள். அதே இடத்தில் கையை வட்டமாகச் சுழற்றினார். அம்போ என்ற இடத்தில் அதே மாதிரி உதட்டைப் பிதுக்கினார். பின்னாலிருந்த சிரிப்பு நின்றது. கம்பெனி வக்கீல் கையிலிருந்த பேனாவை மெல்லக் கீழே வைத்தார். மேஸ்திரி தரையைப் பார்த்தார். ரேடியோ முதல் தடவை சொல்கிற உற்சாகம் கொஞ்சமும் குறையாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"...'அந்தப் பொண்ணு எழுந்து போயிடுச்சு சார். இனிமே இங்க ஓட்டை யாருக்கு?'"

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஏன் என்று தெரியாத ஒரு பயம் அவர் கண்ணில் எட்டிப் பார்த்தது.

அப்போது தையல்காரி சிரித்தாள். அவருக்குக் கேட்கிற அளவுக்கு, அந்தக் கதையை இதுவரை கேட்டதே இல்லாதவள் போல. "பாருங்க சார், என் மானத்தை வாங்கறார்" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் முகம் தெளிந்தது. உட்கார்ந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

அதிகாரி கொஞ்ச நேரம் எதையோ எழுதினார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்: "போதும்மா. நீங்க உட்காருங்க."

[ரொம்ப வசதியாக நடந்துவிட்டதே என்று நீங்கள் சொல்லலாம். சொன்னார்கள். கைப்பிரதியைப் படித்த தோழி, இரண்டாம் தடவை வேறு கதை சொல்ல வை, நம்பும்படி இருக்கும் என்றாள். மாற்றிப் பார்த்தேன். அப்போது தையல்காரி சிரிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. திரும்பவும் பழையபடியே வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பை இழக்க எனக்கு இஷ்டமில்லை.]

9

மனு ஏற்கப்பட்டது. நிரந்தரமான பாதிப்பு, இனி அந்தத் தொழிலுக்குத் திரும்ப முடியாது, கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஷூக்கடை அதில் எங்கும் இல்லை.

உத்தரவை வாங்கிக்கொண்டு திரும்பும் பஸ்ஸில் ரேடியோ கேட்டாராம்: "ஜெயிச்சுட்டோமா?"

"ஜெயிச்சுட்டோம்."

"நான்தான் சொன்னேனே, எனக்கு ஒண்ணுமில்லன்னு. அப்ப நாளைக்கு வேலைக்குப் போகலாம்ல?"

இந்த இடத்தில் முடித்திருக்கலாம். முடித்துத்தான் வைத்திருந்தேன். ஆனால் இரண்டாவது வழி இன்னும் திறந்திருக்கிறது. புகார் கொடுக்கக் கெடு நெருங்குகிறது. மேஸ்திரி பேசாமல் அது நிற்காது.

போன வாரம் ஒரு பகலில் மேஸ்திரி அவர்கள் வீட்டுக்கு வந்தார். ரேடியோ உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி மிஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தன் கையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"கழட்டச் சொன்னது இஞ்சினீயர். திரும்பக் கட்டட்டுமான்னு நான் கேட்டேன் தங்கச்சி. நேரமில்ல, நாளைக்குப் பார்த்துக்கலாம்னாரு. நானும் சரின்னுட்டேன். இதை வெளிய சொன்னா எனக்கு இனிமே எந்த இடத்துலயும் வேலை கிடைக்காது. என்னை நம்பி ஆளுங்க இருக்காங்க. சொல்லலைன்னா..."

"இப்ப வேலை நடக்கற இடத்துல கட்டை கட்டியிருக்காங்களாண்ணே?" என்று கேட்டாள் தையல்காரி.

மேஸ்திரி விரலில் ஒட்டியிருந்த சிமெண்டைச் சுரண்டினார். அவள் எழுந்து டீ போடப் போனாள்.

பேச்சுச் சத்தத்தில் ரேடியோ விழித்துக்கொண்டு வெளியே வந்தார். சிநேகிதரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "வாடா! எப்ப வந்தே? அடுத்த வேலை எங்க?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு நான் வரட்டுமா? சொல்லு. வரட்டுமாடா?"

மேஸ்திரி என்ன சொன்னார்?

நான் எழுதிப் பார்த்த முதல் முடிவில், "வாடா, நீ இல்லாம சுவரெல்லாம் ஊமையாக் கிடக்கு" என்கிறார். ரேடியோ சந்தோஷமாகக் கரண்டியைத் தேடப் போகிறார். மேஸ்திரி அப்படியே கிளம்பிவிடுகிறார், புகாரும் கைவிட்டுப் போகிறது. இன்னொன்றில், "நீ வர முடியாதுடா, அதுக்குக் காரணம் நானும்தான்" என்று சொல்லி, மறுநாள் சாட்சி சொல்ல எங்கள் அலுவலகப் படியேறுகிறார். மூன்றாவதில் அவர்—

மூன்றாவது சரியாக வரவில்லை. தையல்காரியிடமே கேட்டேன். "அவர் என்னதான் சொன்னார்?"

"நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க அக்கா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அதனால் உங்களிடம் விட்டுவிடுகிறேன். மூவரும் அந்த அறையில்தான் இருக்கிறார்கள். அவள் டீத் தம்ளரோடு அடுப்படியில் நிற்கிறாள். மேஸ்திரி வாயைத் திறந்துவிட்டார். ரேடியோ அவர் தோளைப் பிடித்தபடி, பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரால் இப்போதெல்லாம் அதிக நேரம் காத்திருக்க முடியாது. சீக்கிரம் சொல்லுங்கள்.